பேசாத அழைப்பு

அக்டோபர் 6, திங்கள்

இன்று முதல் எங்கள் அலுவலகத்தில் பழைய மாதிரி போன் அடிக்காது.

இத்தனை நாளும் மேசைக்கு ஒரு போன். எல்லாம் ஒரே சமயத்தில் அலறும். கை எட்டியவர் எடுப்பார். எடுக்காதவை அலறி ஓய்ந்துபோகும். இப்போது கோயம்புத்தூரிலிருந்து ஜெரால்டு என்பவர் வந்து புது ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார். எல்லா அழைப்பும் ஒரே எண்ணுக்கு வந்து, ரேஷன் கடையில் நிற்பதுபோல் வரிசையில் நிற்கும். யாருக்குக் கை ஒழிகிறதோ அவருக்கு முதலில் நிற்பவர் போவார். சுவரில் பெரிய திரை. எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், யார் எவ்வளவு நேரமாக என்று அதில் தெரியும். இரண்டு நிமிடம் தாண்டினால் மஞ்சள், இன்னும் தாண்டினால் சிவப்பு. சிவப்பானால் என் கம்ப்யூட்டரில் மணி அடிக்கும்.

வரிசைக்கு மேற்பார்வை நான். இந்தப் பால் கம்பெனியில் பதினான்கு வருடமாகப் போன் எடுப்பவள் என்பதால் மேனேஜர் குழந்தைவேல் சார் என்னைப் போட்டிருக்கிறார்.

“ஒரு மாசம் பாரு கோகிலா. சரியா வந்துச்சுன்னா உன்னையே மேற்பார்வைக்குன்னு ஆர்டர் போட்டர்றேன். இல்லீன்னா கோயமுத்தூர்ல இருந்து ஆளு வரும். அப்பறம் நான் ஒண்ணுஞ் செய்ய முடியாது.”

இன்னொரு மாற்றமும் உண்டு. மாட்டு டாக்டர் வேண்டுமென்றால் இனிப் போனில்தான் பதிய வேண்டும். பால் ஊற்றும் இடத்தில் சொல்லி அனுப்புவது இன்றோடு சரி.

மணிச் சத்தம் மிகவும் மெலிதாக இருந்தது. கூட்டி வைக்கச் சொன்னேன். ஜெரால்டு கூட்டினார். இன்னும் கொஞ்சம் என்றேன். பக்கத்து மேசை மும்தாஜ் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்னப் பெண்களுக்கு எல்லாமே சிரிப்பு.

அக்டோபர் 8, புதன்

வரிசையில் நிற்பவருக்கு என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. சாப்பாட்டு நேரத்தில் என் கைப்பேசியிலிருந்து எங்கள் எண்ணுக்கே போட்டேன். “தங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது” என்று ஒரு பெண். பிறகு புல்லாங்குழல். திரும்ப அந்தப் பெண். நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று ஒரு சொல் இல்லை. சாணிக் கையோடு தொழுவத்தில் நிற்கிறவர் எதை நம்பிக் காத்திருப்பார்? ஜெரால்டுக்குப் போன் செய்து கேட்டேன். “அதச் சேக்கலாம் மேடம், யாரும் கேக்கல, அதனால வெக்கல” என்றார். மாலைக்குள் சேர்த்துவிட்டார். இப்போது “உங்களுக்கு முன் மூவர் உள்ளனர்” என்று சொல்கிறது.

காலை ஷிப்டில் போன் எடுக்கும் நந்தகுமாரின் டீ நேரத்தைத் தள்ளி வைத்தேன். காலைப் பால் ஊற்றி முடித்ததும்தான் எல்லாரும் போன் போடுகிறார்கள். அவனும் அப்போதுதான் டீக்குப் போகிறான். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வரிசை பாதியானது.

அக்டோபர் 9, வியாழன்

அன்றன்றைய கணக்கை எடுத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்துப்போய்விட்டது. இன்று ஒன்று கண்ணில் பட்டது. ஒரே எண் திங்களிலிருந்து தினமும் வருகிறது. பொறுமையாக வரிசையில் நிற்கிறது. எடுத்தவுடன் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது. திரும்பக் கடைசியில் போய் நிற்கிறது.

நந்தகுமாரைக் கேட்டேன்.

“அது பேசாதுங்கக்கா. ரெண்டு தடவ ஹலோ சொல்லுவோம். சத்தமில்லீன்னா வெச்சர்றதுதான? பொம்பளப் புள்ளைக கொரல் கேக்கறதுக்குன்னே போடறவனுக இருப்பானுக. பிளாக் பண்ணி உட்ருங்க.”

“பொம்பளக் கொரல் கேக்கறவன் உன்ற கொரல் வந்த ஒடனே வெச்சிருப்பானே? ஒன்னய எடுத்ததும் அதே நேரந்தான் இருந்திருக்கறான்.”

அவன் அடுத்த அழைப்பை எடுத்துக்கொண்டான். எனக்கும் தெரியவில்லை. அவ்வளவு நேரம் காத்திருந்து, முறை வந்ததும் ஒருவர் ஏன் பேசாமல் இருக்க வேண்டும்?

அக்டோபர் 11, சனி

சேலத்தில் படிக்கும் மகள் போன் செய்தாள். அவள் ஒன்று கேட்க நான் ஒன்று சொல்லியிருக்கிறேன். “அம்மா, பரீட்சைன்னா நீ பரோட்டாங்கற” என்று சிணுங்கினாள். ஹாஸ்டலில் சிக்னல் சரியில்லை.

வீட்டுக்காரர் இப்போதெல்லாம் என்னைக் கூப்பிடுவதில்லை. பின்னால் வந்து தோளைத் தொடுகிறார். கல்யாணமான புதிதில்கூட இப்படி இல்லை. மஞ்சள் மண்டியில் மூட்டையோடு மூட்டையாக நிற்கும் மனுசனுக்கு வயதாக ஆகப் பாசம் கூடுகிறது போல.

அக்டோபர் 13, திங்கள்

அந்த எண்ணின் ஒலிப்பதிவுகளைப் போட்டுக் கேட்டேன். ஒன்றுமே இல்லை. நம் பிள்ளைகள் ஹலோ சொல்வது மட்டும்தான். எங்கள் உறுப்பினர் பதிவில் தேடினேன், அந்த எண் இல்லை. ஆசை அடங்காமல் நானே திருப்பிப் போட்டேன். எடுத்தார்கள். திரையில் விநாடி ஓடிக்கொண்டிருந்தது. “ஹலோ, யாருங்க? ஹலோ, பேசுங்க. பால் கம்பெனிங்க. ஹலோ?” அந்தப் பக்கம் கிணறு போல அமைதி. கொஞ்ச நேரத்தில் வைத்துவிட்டார்கள்.

எடுக்கத் தெரிந்தவருக்குப் பேசத் தெரியாதா?

அக்டோபர் 15, புதன்

தீபாவளி நெருக்கம். போனஸ் எப்போது, இனிப்பு எப்போது என்று ஊரே வரிசையில் நிற்கிறது. திரைக்கு முதுகு காட்டி அடுத்த வார ஷிப்ட் போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தைவேல் சார் அறையிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

“ஏம்மா, மணி அந்த அடி அடிச்சுட்டிருக்குது, உனக்குக் காதுல உழுவுலியா?”

திரும்பினால் திரை முழுக்கச் சிவப்பு. வேலையில் மூழ்கியிருந்தேன் என்றேன். உண்மைதானே, மூழ்கித்தான் இருந்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

இந்தப் புது ஏற்பாட்டில் ஒரு வசதி இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு எண் வந்தால் வரிசையில் நிற்கவிடாமல் நேராக ஒரு மேசைக்கு அனுப்பலாம். பெரிய பண்ணைக்காரர்களுக்காக வைத்ததாம். பேசாத எண்ணை என் மேசைக்கு மாற்றிவிட்டேன். பாவம், காத்திருக்கவும் வேண்டாம், நந்தகுமாரிடம் பேச்சு வாங்கவும் வேண்டாம். எனக்கும் என்னவென்று தெரிந்துவிடும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. இந்த வருடம் பட்டாசில் சத்தமே இல்லை. ஈரத்தில் நமத்திருக்கும்.

அக்டோபர் 22, புதன்

வந்தது!

எடுத்தேன். “சொல்லுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். ஒன்றும் இல்லை. நான் வைக்கவில்லை, அவர்களே வைத்தார்கள். வைத்தவுடன் மும்தாஜைக் கூப்பிட்டு, ஒலிப்பதிவைப் போட்டு, ஹெட்போனை அவள் தலையில் மாட்டினேன். இன்னொரு ஆள் கேட்டால் ஏதாவது தெரியலாம் என்றுதான்.

அவள் முகம் மாறியது.

“அக்கா, பேசறாருக்கா! ஆம்பளக் கொரலு. ப்... ப்...ங்கறாரு. வாயி தொறக்க மாட்டேங்குது. திக்குவாயிக்கா.”

ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன். திரும்ப ஓடவிட்டாள். என் குரல் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. மும்தாஜ் திரையைத் தொட்டு, “இப்ப... இங்க... கேக்குதுங்களா?” என்றாள்.

“கேக்குது, கேக்குது” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். ஹெட்போன் பழசாகிவிட்டது. புதிது கேட்க வேண்டும்.

அவளுடைய சின்ன மாமாவுக்கும் திக்கும் என்றாள். நேரில் கை காட்டி, முகம் காட்டி எப்படியோ பேசிவிடுவாராம். “போனுன்னா அவருக்கு எமன்க்கா. மொதச் சொல்லு வந்துருச்சுன்னா மீதி வந்துரும். அதுக்குள்ள நம்ம ஹலோ ஹலோங்கறம் பாருங்க, அதுலயே தொண்டை அடைச்சுக்கும்.” பழைய பதிவுகளையும் கேட்டாள். ஒன்றில் ‘மா’ வரைக்கும் வந்திருக்கிறாராம். மாடு என்பதாக இருக்கலாம். அதற்குள் நந்தகுமார் வைத்துவிட்டான்.

மும்தாஜ் திருப்பிப் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மெசேஜ் அனுப்பினாள். பட்டன் போன் போலிருக்கிறது, பதில் இல்லை.

“அன்னிக்கு நான் போட்டப்ப எடுத்தாங்களே” என்றேன்.

இனி அந்த எண்ணைத் தன் மேசைக்கு மாற்றட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சட்டென்று சொல்லிவிட்டேன். மேற்பார்வை பார்ப்பவள் நானில்லையா?

அக்டோபர் 23, வியாழன்

ஒரு புது விதி போட்டேன். சத்தம் வராத அழைப்பை நாமாக வைக்கக் கூடாது, அவர்களே வைக்கட்டும். நந்தகுமார் கொதித்தான். “அக்கா, ஒண்ணொண்ணுக்கும் இப்படி உக்காந்தம்னா பின்னாடி நிக்கறதெல்லாம் செவப்பாயிரும். மாசக் கடைசில கணக்கு உங்களுக்குத்தான் போவுது, எனக்கில்ல.”

அவன் சொல்வதும் சரிதான். விதியை மாற்றவில்லை.

வீட்டில் கைப்பேசியை வலது காதில் வைத்துப் பாட்டுக் கேட்டேன். இடது காதுக்கு மாற்றினேன். திரும்ப வலது. சளி பிடித்திருக்கிறது. ஆவி பிடித்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

சனிக்கிழமையிலிருந்து விடாத மழை. ஒன்பது மணிக்கு நனைந்துகொண்டே உள்ளே போனேன். பாலத்தில் தண்ணீர் போவதால் மும்தாஜ் பஸ் வரவில்லை. ஆறு மணிக்கே வந்துவிட்ட நந்தகுமாரும் இன்னொரு பெண்ணும் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியில் உட்காருவதற்குள் என் மேசை போன் மின்னியது. அவர்தான்.

இடது காதில் வைத்தேன். சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினேன்.

“சொல்லுங்கண்ணா. மெதுவாச் சொல்லுங்க. நான் வெக்க மாட்டேன்.”

காத்திருந்தேன். இந்த முறை ஏதோ கேட்டது. மழை தகரத்தில் விழும் இரைச்சலோ, மூச்சோ. பிறகு ஒரு குரல், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல. என்ன சொல்கிறார் என்று பிடிபடவில்லை.

“என்னங்க? திருப்பிச் சொல்லுங்க.”

திரும்பவும் அந்தக் குரல். சொற்களாகப் பிரியவில்லை.

“இன்னொருக்காச் சொல்லுங்களேன்.”

குரல் நின்றுவிட்டது. முழுதாக நின்றுவிட்டது. அவர் வைக்கப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை பாடுபட்டு அந்த வார்த்தையை இரண்டு தடவை வெளியே கொண்டுவந்திருப்பார்! மூன்றாம் தடவை கேட்கிறாள் ஒருத்தி. அவர் என்ன நினைப்பார்? தன் வாய்தான் சரியில்லை என்று நினைப்பார்.

“அண்ணா, வெச்சராதீங்க!” என்று கத்திவிட்டேன். “உங்க பேச்சுல ஒரு கொறையுமில்லீங்க. எனக்குத்தான் காது கேக்கலீங்க. நெசமாலுமே கேக்கலீங்க. கோவிச்சுக்காம சத்தமாச் சொல்லுங்க.”

அலுவலகமே திரும்பிப் பார்த்தது. நந்தகுமார் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டான்.

அந்தப் பக்கம் ஏதோ உடைந்ததுபோல் ஒரு சத்தம். சிரிக்கிறார்! சிரிப்பு எனக்குக் கேட்டது. அதற்குப் பின் அவர் குரல் உரத்து வந்தது.

“எ... எந்தக் காதுங்?”

“ரெண்டுந்தானுங்க போலிருக்குது.”

“எ... எனக்கு ஒரு வாயிதானுங்.”

பிறகு சொன்னார். திக்கித் திக்கித்தான், ஆனால் நிற்காமல். பெயர் பொங்கியண்ணன். கரட்டுப்பாளையம் ஓடைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் தோட்டத்தில் வீடு. சம்சாரம் தன் அம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைந்து தாராபுரம் போய் ஒரு மாதம் ஆகிறது. போனில் பேசுவதெல்லாம் சம்சாரம்தானாம், எங்கள் பதிவில் இருப்பதும் சம்சாரத்தின் எண்தான். கிடாரிக்கு இது தலையீத்து, முதல் கன்று; டாக்டரை முன்கூட்டியே வந்து பார்க்கச் சொல்லத்தான் இத்தனை நாளும் போன் போட்டிருக்கிறார். விடியும்போதே தண்ணிக்குடம் உடைந்துவிட்டது. கன்றின் கால் தெரிகிறது, தலை வரவில்லை. பள்ளத்தில் தண்ணீர் போகிறது, அக்கம்பக்கம் யாரையும் கூப்பிட முடியவில்லை.

எங்கள் மாட்டு டாக்டர் இளமாறனுக்குக் கைப்பேசியில் போட்டேன். பக்கத்து ஊரில் இருந்தார். ஜீப் பள்ளத்தைத் தாண்டாது என்பதால் இறங்கி, பெட்டியைத் தலையில் வைத்து நடந்திருக்கிறார். அதுவரை நான் பொங்கியண்ணனை வைக்கவிடவில்லை. டாக்டர் எங்கே வருகிறார் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் பின்னால் திரை சிவந்துகிடந்திருக்கும். நந்தகுமார் நடுவில் எழுந்துபோய் மணியை அணைத்தது மட்டும் தெரிந்தது.

மதியம் டாக்டர் பேசினார். அவர் சொன்னதை நந்தகுமார்தான் கேட்டு எனக்குச் சொன்னான். மாடு பிழைத்தது. கன்று இல்லை.

மாலையில் அன்றைய கணக்கை எடுத்தேன். அந்த எண், காலை ஆறரையிலிருந்து ஒன்பதுக்குள் ஐந்து முறை வந்திருக்கிறது. வரிசைக்குப் போகவில்லை. நான் செய்து வைத்த ஏற்பாட்டின்படி நேராக என் மேசைக்குப் போய், ஆளில்லாத நாற்காலிக்கு முன்னால் சத்தமில்லாமல் மின்னி மின்னி ஓய்ந்திருக்கிறது. நந்தகுமார் அப்போது பத்தடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தான். வரிசையில் விட்டிருந்தால் அவனுக்குப் போயிருக்கும். அவனும் வைத்திருக்க மாட்டான், வைக்கக் கூடாது என்று நான்தான் விதி போட்டிருந்தேனே.

அக்டோபர் 28, செவ்வாய்

13ஆம் தேதி நான் திருப்பிப் போட்ட அழைப்பின் பதிவைப் போட்டுக் கேட்டுச் சொல்லச் சொன்னேன். மும்தாஜ் தயங்கினாள். வற்புறுத்தினேன். கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

“‘மாடு’ன்னு சொல்லீட்டாருக்கா. முழுசாச் சொல்லீட்டாரு. நீங்க அதுக்கு மேல ஹலோ ஹலோன்னுட்டு இருந்தீங்க.”

வீட்டுக்காரரிடம் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். “எனக்குக் காது மந்தமாயிருச்சுங்க.”

அவர் குழம்பு ஊற்றிக்கொண்டே, “ரெண்டு வருசமாச்சு” என்றார்.

“ஏன் சொல்லுல?”

“போன் எடுக்கற வேல உனக்கு. நாஞ் சொன்னா, நீ அந்த வேலையில எப்படிப் போயி உக்காருவ?”

தட்டைக் கழுவப் போனபோது அழுதேன். கன்றுக்காகவா, இதற்காகவா, தெரியவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

டாக்டர் இளமாறன் வந்தார். கன்று பெரிது, கிடாரி சிறிது, விடிந்தவுடனே போயிருந்தாலும் பிழைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பிழைத்திருக்காது என்றும் அவர் சொல்லவில்லை.

பொங்கியண்ணனுக்குப் போன் போட்டேன். எடுத்தார். அன்று ஐந்து முறை போட்டும் ஏன் பதில் இல்லை என்பதைச் சொன்னேன். நேராக என்னிடம் வரும்படி நான்தான் மாற்றி வைத்தேன், அதனால்தான் யாரும் எடுக்கவில்லை என்றேன். நெடுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. திக்குகிறாரா, கோபமா, என் காதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

“எ... எனக்கெதுக்குங் தனி வழி?” என்றார் கடைசியில். “எ... எல்லாத்தையும் மாதிரி வரிசையிலயே வாரனுங்.”

அப்போதே மாற்றிவிட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

ஈரோட்டில் காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். கேட்பது நிஜமா, கேட்கிறதாக நான் நினைத்துக்கொள்வதா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. நிஜமாகக் கேட்டபோது மட்டும் அமுக்கினேன். வலது காதில் பாதிக்கு மேல் இல்லை. இடது பரவாயில்லை. மெஷின் வைத்தால் நன்றாகவே கேட்குமாம். அளவு எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்காரர் அந்த வரைபடத்தைப் பஸ்ஸில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

நவம்பர் 6, வியாழன்

ஒரு மாதம் முடிந்தது. குழந்தைவேல் சார் கூப்பிட்டார். அவர் ஆரம்பிக்கும் முன் நானே டாக்டர் சீட்டை மேசையில் வைத்தேன்.

“இதென்ன எனக்கு?” என்றார். “உன்ற காதப் பத்திக் கோபி டவுனுக்கே தெரியும், அன்னிக்கு அந்தக் கத்துக் கத்துன.” கணக்கைப் புரட்டினார். அந்தத் திங்கட்கிழமை சிவப்பு அப்படியே இருந்தது. மற்ற நாட்களில் காத்திருந்து பாதியில் போகிறவர்கள் குறைந்திருக்கிறார்கள். நீளமாகப் பெருமூச்சு விட்டார். “கோயமுத்தூர்ல ஒத்துக்கறாங்களான்னு பாக்கறேன். மணிக்கு என்ன பண்றது, அதச் சொல்லு.”

ஜெரால்டிடம் ஏற்கெனவே கேட்டிருந்தேன். மணிக்குப் பதில் என் மேசையில் ஒரு சிறு விளக்கு வைத்துத் தருகிறாராம். சிவப்பானால் அதுவும் மின்னும். “அதையுந்தான் யாரும் கேக்கல” என்றேன். சார் சிரிக்கவில்லை, ஆனால் தலையாட்டினார்.

பதினொரு மணி இருக்கும். திரையில் பொங்கியண்ணன் எண் வந்து வரிசையில் நின்றது. அவருக்கு முன்னால் நான்கு பேர். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மாடு படுத்துவிட்டதா, காய்ச்சலா? எடுத்து என் பக்கம் இழுத்துக்கொள்ளக் கை போனது. இழுக்கவில்லை. மூன்று பேர். இருவர். ஒருவர். போனது நந்தகுமாருக்கு.

அவன் “சொல்லுங்க” என்றான். அப்புறம் வாயை மூடிக்கொண்டான். பேனாவை எடுத்து வைத்துவிட்டு, இரண்டு கையையும் மேசைமேல் வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தான். பின்னால் ஒரு அழைப்பு மஞ்சளானது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு தலையை ஆட்டினான், ஏதோ சொன்னான், திரும்பக் காத்திருந்தான். வைக்கும்போது அவன் முகத்தில் ஒரு மாதிரிச் சிரிப்பு.

எழுந்து என் மேசைக்கு முன்னால் வந்து, முகம் எனக்குத் தெரிகிற மாதிரி நின்றான்.

“பொங்கியண்ணன்க்கா.”

“மாட்டுக்கு என்ன?”

“மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்களாமா. நல்லாத் தீவனம் எடுக்குதாமா. உங்க காது எப்படி இருக்குதுன்னு கேக்கறதுக்குப் போட்டாராமா.”

அவன் தலையைச் சொறிந்தான்.

“அக்கா, எதுக்குப் போன் வந்துச்சுன்னு கம்ப்யூட்டர்ல போட்டாத்தான் மூடுது. டாக்டர்னு போடறதா, தீவனம்னு போடறதா, பால்னு போடறதா? இதுக்கு எதுலங்க போடறது?”

யோசித்தேன். அதற்குள் அடுத்த அழைப்பு சிவப்பாகிவிட்டது. போய் எடு என்றேன்.